பித்தளைக் கைப்பிடி வைத்த ரயில்

ஒரு தேசத்தின் எதிர்காலம் அதன் ரயில் பெட்டிகளின் கைப்பிடியில்தான் இருக்கிறது. இந்தப் பேருண்மையை உலகத்துக்கு வழங்கியது எங்கள் தேனி ரயில் மீட்புக் கமிட்டி. அதன் காரியதரிசி நான் என்பதால் தன்னடக்கத்தோடு இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று மதுரையிலிருந்து போடி வரைக்கும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ரயில் நின்றது. கடைவீதி படுத்தது. வீரபாண்டியில் கொடிக்கால் வைத்திருந்த மொக்கம்மாளுக்குத்தான் பெரிய அடி. பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் இடம் பிடித்து மதுரை போய்ச் சேருவதற்குள் அவள் கூடை வெற்றிலையெல்லாம் பழுத்துவிடும்.

ஆகவே கமிட்டி கூடியது. தலைவர் மளிகைக்கடை வைகுண்டராஜ் அண்ணாச்சி எழுந்தார்.

"பெரிய அதிகாரி ஒருத்தர் மதுரையிலிருந்து வாராக. வாயால சொன்னா அவுகளுக்கு ஏறாது. நம்ம ரயிலை அப்படியே மரத்துல சின்னதாச் செஞ்சு மேசையில வைப்போம். பார்த்ததும் மனசு இளகிரும்."

தச்சர் ஓர் எஞ்சினும் சில பெட்டிகளும் செய்து தந்தார். பார்த்தால் ரயில்தான். அதோடு விட்டிருந்தால் நாங்களும் சாதாரண மனிதர்களாகவே இருந்திருப்போம்.

"கைப்பிடி எங்க?" என்றார் பொருளாளர் குருசாமி. "கைப்பிடி இல்லாட்டி சனம் எதைப் பிடிச்சு ஏறும்?"

சபை நடுங்கிப்போயிற்று.

அண்ணாச்சி வீட்டு ஓட்டைப் பித்தளைச் செம்பை வெட்டி, தட்டாசாரி மலைச்சாமி எள்ளளவு கைப்பிடிகள் செய்தார். பொருத்துகிற 'தேசியப் பொறுப்பு' என்னிடம் வந்தது. வச்சிரப் பசையில் ஒட்டினேன், காய்ந்ததும் உதிர்ந்தன. அரக்கை உருக்கி ஒட்டினேன். கைப்பிடி ஒட்டியது, கூடவே என் விரலும். அடுத்து எஞ்சினுக்கு விசில் வேண்டுமென்றார்கள். சாமணத்தில் பிடித்திருந்த அந்த விசில் துள்ளிக் குருசாமியின் காபியில் விழுந்தது. அவர் பார்க்காமல் குடித்துவிட்டார். விசிலை மீட்க ஓர் உபகமிட்டி அமைத்தோம். மறுநாள் காலை அது தன் பணியைச் செவ்வனே முடித்தது. மீட்ட விசிலைப் பொருத்த மட்டும் ஆளில்லை; புதிதாக ஒன்று வெட்டினோம்.

ஒருநாள் மொக்கம்மாள் உள்ளே வந்தாள்.

"அண்ணாச்சி, ரயிலு வருமா, வராதா?"

"பொறு ஆத்தா, எஞ்சினுக்கு மணி வச்சுக்கிட்டிருக்கோம்."

"மணி வச்சா வந்துருமா?"

"மணி இல்லாம வந்தா மாடு குறுக்க பாஞ்சுராதா?"

அவள் குனிந்து ரயிலைப் பார்த்தாள். "சரி, என் கூடையை இதுல எங்கன வைக்க?"

"அளவுப்படி உன் கூடை கடுகு அளவுதான் வரணும்" என்றார் குருசாமி வெகு கவலையோடு. "பித்தளையில ஒண்ணு செஞ்சிரலாம்."

மொக்கம்மாள் சிரித்த சிரிப்பில் இரண்டு கைப்பிடிகள் உதிர்ந்தன.

அதிகாரி வந்தார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை நகர்ந்தார். "அடடா! ஜன்னல் கம்பி! கொக்கி! கதவுத் தாழ்ப்பாள்கூட!" கமிட்டி கண்கலங்கியது.

"இவ்வளவு பாடுபட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும்? தயங்காமல் கேளுங்கள். முடிந்தால் இப்போதே உத்தரவு போடுகிறேன்."

வாசலில் நின்ற மொக்கம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அண்ணாச்சி எழுந்தார். ரயிலை ஒருமுறை கண்ணால் தடவினார்.

"ஐயா, கடைசிப் பெட்டிக்குப் பின்னால சிவப்பு விளக்கு ஒண்ணுதான் பாக்கி. வீட்டுச் செம்பு வெட்டித் தீர்ந்துபோச்சு. யுத்த காலம், பித்தளைக்குப் பர்மிட்டு வேணும்கிறாக."

அந்த இடத்திலேயே கையெழுத்தானது. சர்க்காரிடம் கேட்டது கேட்ட மாத்திரத்தில் கிடைத்த ஊர் இந்தியாவில் வேறு உண்டா? கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

மொக்கம்மாள் மட்டும் கைதட்டவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"எப்படி ஆத்தா நம்ம கமிட்டி?" என்றேன் பெருமிதத்தோடு.

"சர்க்காரு தண்டவாளத்தைத்தானய்யா தூக்கிட்டுப் போச்சு" என்றாள். "ரயிலைத் தொலைச்சது நீங்கதான்."