சந்தேகத்தாரும் சுற்றாத ஃபானும்

வெள்ளவத்தைக் கடலில் சூரியன் இறங்குவதைக்கூட, பக்கத்தில் நிற்பவரிடம் "இறங்கிட்டுதுதானே?" என்று ஒருக்கால் கேட்டு உறுதிப்படுத்தின பிறகுதான் வீட்டுக்குத் திரும்புகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும், ஆனால் ஒழுங்கை முழுக்கச் சந்தேகத்தார் என்றுதான் சொல்லும். முகத்துக்கு நேரே நாங்கள் "மாமா" என்போம். "நான் உங்களுக்கு எந்த முறையிலை மாமா?" என்று அதையும் ஒருநாள் விசாரித்தவர்.

அரசாங்கத்தில் கணக்குப் பரிசோதகராக இருந்து பென்சன் எடுத்தவர். வேலை முடிந்தது, பழக்கம் முடியவில்லை. பேக்கரியில் பாணைத் தட்டிச் சத்தம் கேட்டுத்தான் வாங்குவார். கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு ஒழுங்கை முனைவரை போய், திரும்பி வந்து இன்னொருக்கால் இழுப்பார். நோர்வேயிலிருந்து மகன் தன்னிடம் வரச்சொல்லி அனுப்பின ஸ்பொன்சர் கடதாசி நிசமான கடதாசியோ என்று அவர் ஆராய்ந்து முடிக்க முன்னமே அதன் தவணை முடிந்துபோனது. "பாத்தியளோ, நல்ல கடதாசி எண்டால் நிண்டு பிடிச்சிருக்கும்" என்று எங்களுக்கு விளக்கம் வேறு.

யுத்த காலம். அப்போது கொழும்பில் தமிழனாக இருந்தால் சந்தேகப்படுகிற சிரமம் உங்களுக்கு இல்லை. உங்களைச் சந்தேகப்படுவதற்கென்றே சீருடை போட்ட ஆட்கள் வீதிக்கு வீதி நின்றார்கள். வீட்டுக்கும் வருவார்கள். ஆர் இருக்கிறது, எங்கே இருந்து வந்தது, கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸ் பதிவு எங்கே என்று கேட்பார்கள். நாங்கள் எல்லாரும் கதவைத் திறந்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். மேல்மாடியில் இருந்து மட்டும் சுத்தமான சிங்களத்தில் ஒரு குரல் கேட்கும். "முதல்லை நீங்கள் பொலிஸ்தானோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? உங்கட ஐசியைக் காட்டுங்கோ." அம்மா கீழே இருந்து முருகனைக் கூப்பிடுவா. ஒரு இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். சந்தேகத்தார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அப்பா யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். யுத்தத்தில் அங்கே போகிற பாதை பூட்டிக் கிடந்தது. இங்கே அம்மா, வதனி அக்கா, நான். அக்கா வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுப்பா. கலியாணம் ஒன்று சரிவராமல் இழுபட்டுக்கொண்டே போனது. கடைசியாகக் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் ஒரு மாப்பிள்ளையின் சாதகம் பொருந்தியது. அந்தக் காலத்துப் பெண் பார்த்தல் எப்படியென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பொம்பிளை வெள்ளவத்தையில் சேலை கட்டிக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பா. மாப்பிள்ளை பனி நாட்டில் ஷேட்டை மாட்டிக்கொண்டு இருப்பார். நடுவில் வெப்கமரா. பலகாரத்தைக் கமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டிய குடும்பங்களும் இருந்தன.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை "வணக்கம்" என்று சொல்ல வாயைத் திறந்தார். எங்கள் கொம்பியூட்டர் பொத்தென்று நின்றது. திரும்பப் போட்டால் திரும்ப நின்றது. அன்று இரவு மாப்பிள்ளையின் தாய் ஃபோன் எடுத்தா. "சகுனம் சரியில்லைப் போல கிடக்குது. அடுத்த ஞாயிறு ஒருக்கால் பாப்பம். அண்டைக்கும் இப்பிடியெண்டால் இந்தப் பேச்சை விடுவம்." அம்மா ஃபோனை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டா. அக்கா மெசினில் ஏதோ தைத்தபடி, "அந்த மனிசன் வணக்கம் சொல்ல முந்திச் சேட்டுக் கொலரை நேராக்கினது பாத்தனியோ?" என்று மட்டும் என்னிடம் கேட்டா. அக்காவுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

சங்கதி மேல்மாடிக்குப் போனது. சந்தேகத்தார் இறங்கி வந்தார். முதலில் மாப்பிள்ளை பகுதிதான் வயரைப் பிடுங்கியது என்றார். பிறகு மின்சாரசபையைச் சந்தேகித்தார். கடைசியில் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"தம்பி, உள்ளுக்கை ஏதோ ஒண்டு சுத்த வேண்டியது சுத்தேல்லை."

பக்கத்து மூடியைக் கழற்றினோம். சிப்புக்கு மேலே இருக்கிற ஃபான் தூசியில் கம்பளி போர்த்துப் படுத்திருந்தது. கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது. சூடு ஏற ஏறப் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது என்பது எனக்கு விளங்கிவிட்டது. "மாமா, பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோவம், அவங்கள் மாத்தித் தருவாங்கள்" என்றேன்.

"விசரோ உனக்கு? பெட்டியைக் குடுத்தால் உள்ளுக்கை உள்ள நல்லதெல்லாத்தையும் எடுத்துப்போட்டுக் கழிச்சதைப் போட்டுத் தருவான். ஃபானை வாங்கிக்கொண்டு வந்து வீட்டிலையே மாத்துவம். நானும் வாறன். உன்னை நம்பி விடேலாது."

சனிக்கிழமை இரண்டு பேரும் பம்பலப்பிட்டிக்குப் போனோம். கொம்பியூட்டர் சாமான் கடைகள் அடுக்கடுக்காக இருக்கிற கட்டடம். கடைக்காரர் புது ஃபானைப் பெட்டியோடு நீட்டினார். சந்தேகத்தார் பெட்டியை மணந்து பார்த்தார். ஃபானை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓடியது. "இப்ப ஓடுது. வீட்டை போயும் ஓடுமோ?" என்றார். கடைக்காரர் சிறிய ஊசிக்குழாய் ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பசை.

"இது என்னத்துக்கு?"

"சிப்புக்கும் ஃபானுக்கும் இடையிலை மெல்லிசாப் பூச வேணும், ஐயா. சூட்டை இழுக்கும்."

"இழுக்குமோ, ஒட்டுமோ? ஒட்டிப்போட்டால் பிறகு கழட்டேலாமல் முழுப் பெட்டியும் புதுசு வாங்க வைக்கிற யோசினை இது."

அரை மணித்தியாலம் வாதாடி வாங்கினோம். வெளியே வந்ததும்தான் அவருக்குப் புதுச் சந்தேகம் பிடித்தது. நாலு நிற வயர், ஒரு ஊசி, அதற்குள் சாம்பல் பசை. இதைத் தமிழன் ஒருவன் பையில் போட்டுக்கொண்டு இராணுவச் செக் பொயின்றைத் தாண்டினால் என்ன நடக்கும்? நியாயமான சந்தேகம்தான், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். சட்டைப் பையில் அவர் எப்போதும் வைத்திருக்கிற தலையிடித் தைலத் தகரம் முடிந்துபோய் வெறுமையாகக் கிடந்தது. ஊசியிலிருந்த பசை முழுவதையும் அதற்குள் பிதுக்கினார். ஊசியைக் குப்பை வாளியில் போட்டார். "இப்ப இது தைலம். விளங்குதோ?"

வெள்ளவத்தைப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லாரும் இறக்கம். பை என் கையில். என் ஐசியில் யாழ்ப்பாண விலாசம். பொலிஸ் பதிவோ புதுப்பிக்கக் கொடுத்து இன்னும் வரவில்லை. ஆமிக்காரன் என் பக்கம் திரும்ப முன்னமே பக்கத்தில் இருந்து ஒரு கை வந்து பையைப் பறித்தது.

"என்ரை பை, சேர். உவன் ஆரோ பெடியன். இடம் இல்லையெண்டு வைச்சிருக்கக் குடுத்தனான்." சிங்களத்தில் சொன்னார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்னைத் தள்ளிப் போகச் சொன்னார்கள். நான் பெட்டிக்கடை ஓரம் நின்று பார்த்தேன். ஆமிக்காரன் ஃபானை வெளியே எடுத்து "மே மொகக்த?" என்று கத்தினான். அது என்ன என்று சந்தேகத்தார் வாயால் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. கன்னத்தை உப்பி ஃபூ என்று ஊதினார். அது சுற்றியது. வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு ஆமியில் பெரியவர் ஒருவர் வந்தார். தகரத்தைத் திறந்தார், மணந்தார், முகத்தைச் சுளித்தார்.

"தலையிடிக்குப் பூசிறது, சேர்."

"அப்பிடியோ? பூசு பாப்பம்."

சந்தேகத்தார் ஒரு கணமும் யோசிக்கவில்லை. பாணைத் தட்டாமல் வாங்காத மனிதர், மருந்துக்கடைக் குளிசையை மூன்று பேருக்குக் காட்டாமல் விழுங்காத மனிதர், அந்தப் பசையை விரலால் வழித்து நெற்றியில் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைவரை பூசினார். கண்ணை மூடி, "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சும் விட்டார். பெரியவர் தகரத்தை மூடிக் கையில் கொடுத்துப் போகச் சொன்னார்.

ஒழுங்கைக்குள் திரும்பின பிறகுதான் அவர் பையை என்னிடம் திருப்பித் தந்தார். "மாமா, உங்களைப் பிடிச்சிருந்தால்?" என்றேன். "பேய்க்கதை கதையாதை. உன்னைப் பிடிச்சால் நாளைக்கு அந்தக் கொம்பியூட்டரை ஆர் போடுறது? எனக்குத் தெரியுமோ?" என்று சீறினார்.

வீட்டில் நெற்றியைக் கழுவினோம். சவர்க்காரம், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டோம். அந்தப் பசை பரவியதே தவிரப் போகவில்லை. நெற்றி மட்டும் வெள்ளி மாதிரி மினுங்கியது. தகரத்தின் அடியில் எஞ்சியதை வழித்துச் சிப்பில் பூசினேன். புது ஃபானின் நாலு காலையும் பலகையில் அழுத்தவேண்டும். ஒவ்வொரு கால் இறங்கும்போதும் டக்கென்று ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் "உடைச்சிட்டாய்!" என்று சந்தேகத்தார் எழும்புவார். வயரைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். ஃபான் சுற்றியது. பெட்டி நிற்கவில்லை. அவர் கதிரையை இழுத்துப் போட்டு, அது சுற்றுவதைச் சாப்பாட்டு நேரம்வரை பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஞாயிறு பின்னேரம், கனடாவில் காலை. அக்கா சேலையில். அம்மா பக்கத்தில். அப்பா இல்லாத இடத்துக்கு ஒரு ஆம்பிளை வேண்டுமென்று சந்தேகத்தாரை அம்மாதான் கூப்பிட்டு இருத்தினா. திரையில் மாப்பிள்ளையும் தாயும் வந்தார்கள். தாய் எங்கள் பக்கம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயா விபூதி பூசியிருக்கிற வடிவைப் பாருங்கோவன். நல்ல சைவக் குடும்பம்" என்றா. அம்மா என் தொடையைக் கிள்ளினா. எல்லாம் பிசகில்லாமல் போய்க்கொண்டு இருந்தது. மகன் சொந்தவீடு வாங்கிவிட்டான், பெரிய ஜன்னல், கடல் மாதிரி வெளிச்சம் என்று தாய் சொன்னா. அவர்களுக்குப் பின்னால் பூப் போட்ட திரைச்சீலை ஒன்று தொங்கியது.

சந்தேகத்தார் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, குறை நினைக்கக் கூடாது. அந்தத் திரைச்சீலைக்குப் பின்னாலை ஜன்னல் இருக்குதோ?"

"அண்ணை!" என்றா அம்மா.

"இல்லை, கேக்கிறன். ஜன்னல் எண்டால் கீழ்ப் பக்கத்தாலை ஒரு வெளிச்சக் கீறாவது தெரியவேணும். இது சுவரிலை தொங்குது போல கிடக்குது. ஒருக்கால் தூக்கிக் காட்டுங்கோ பாப்பம்."

அங்கே தாயின் முகம் கறுத்தது. இங்கே அம்மாவின் கண் நிரம்பியது. முடிந்தது, இந்தக் கலியாணமும் போச்சு என்று நான் நினைத்தேன். சந்தேகத்தாரின் கழுத்தைத் திருகவேண்டும் போல இருந்தது எனக்கு. மாப்பிள்ளை குனிந்தபடி இருந்தார். பிறகு எழும்பிப் போய்த் திரைச்சீலையைத் தூக்கினார். வெறும் சுவர்.

"பேஸ்மென்ற், அங்கிள், நிலத்துக்குக் கீழை. வாடகைக்குத்தான் இருக்கிறன். ஜன்னல் இல்லை. அம்மா சொன்னது பிழை. உங்களுக்குச் சொல்லவேணும் எண்டுதான் போன கிழமையும் வாய் திறந்தனான்."

புது ஃபான் மட்டும் மெல்ல இரைந்துகொண்டு இருந்தது. அப்போது அதுவரை வாயே திறக்காத அக்கா கேட்டா, "அந்தத் திரைச்சீலை ஆர் தைச்சது?"

"நான்தான்."

"கரை கோணல்."

மாப்பிள்ளை கரையைத் தூக்கிப் பார்த்தார். சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தா. அதற்குப் பிறகு எங்களுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. இரண்டு பேரும் இரவு பத்து மணிவரை கதைத்தார்கள். பெட்டி ஒருக்காலும் நிற்கவில்லை. தாய்க்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டியிருக்கவில்லை. அம்மா "என்னடி சொல்லிறாய்?" என்று கேட்டதற்கு அக்கா, "கேட்டவுடனை தூக்கிக் காட்டினவர் அம்மா. எனக்கு ஓம்" என்றா.

கலியாணம் கொழும்பிலேயே நடந்தது. மாப்பிள்ளை வந்திறங்கின அன்று சந்தேகத்தார் அவரைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடக்கப் போனார். என்ன விசாரித்தாரோ தெரியாது. திரும்பி வந்து அம்மாவிடம், "பெடியன் பரவாயில்லை" என்றார். அவர் வாயில் இருந்து ஒரு மனிதனைப் பற்றி அப்படி ஒரு சொல் அதற்கு முன்னம் வந்ததில்லை. அம்மா குசினிக்குள் போய் அழுதா.

பிறகு அவரும் மகனிடம் போய்விட்டார். இரண்டாம் கடதாசியை நம்பியிருக்கிறார். ஊரே எங்களைச் சந்தேகித்த அந்த நாட்களில் எங்களுக்காகச் சந்தேகப்பட ஒரு மனிதர் மேலே இருந்தார். அவர் போன பிறகு மேல்மாடிக்கு வந்தவர்கள் எல்லாரும் நல்ல சனங்கள், ஒன்றையும் துருவிக் கேட்காதவர்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கவே இல்லை.