விறகு ஆராய்ச்சி

இந்த வருஷம் கோடரியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஐந்து நாள் விடுப்பு. மலைக்குளிருக்கு இதமாகக் கணப்படுப்பு, பக்கத்தில் சாய்வு நாற்காலி. அதில் நான். திட்டம் அவ்வளவுதான்.

முதல் நாள் காலையிலேயே விறகு லாரி வந்து வாசலில் ஒரு மலையைக் கொட்டிவிட்டுப் போனது. பைன், ஓக், தைலமரம் மூன்றும் கலந்து, ஒவ்வொரு கட்டையும் என் மாமனார் பருமனில்.

மனைவி கோடரியோடு வந்தாள்.

"பிளந்துடலாம்," என்றேன் பெருந்தன்மையாக. "ஆனா எது நல்லா எரியும்னு தெரியாம பிளந்தா எப்படி? முதல்ல ஆராய்ச்சி."

ஆராய்ச்சியை ஐந்து நாள் இழுத்துவிட்டால் விடுப்பு முடிந்துவிடும். பிறகு அவளே கூலிக்கு ஆள் கூப்பிட்டுவிடுவாள்.

"நல்ல யோசனைங்க," என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூன்று மரத்திலும் ஒரு துண்டு எடுத்து எரித்துக் குறிப்பு எழுதினேன். பைன், என் மச்சினன் மாதிரி. ஆரம்பத்தில் அமர்க்களம், அரை மணியில் ஆளைக் காணோம். ஓக், என் மாமியார் மாதிரி. சூடேற நேரமாகும், ஏறினால் ராத்திரி முழுக்க ஆறாது. தைலமரம் படபடவென்று வெடித்தது. மனைவி பக்கத்திலேயே நின்றதால் அது யார் மாதிரி என்று எழுதவில்லை.

"ஒரு துண்டை வச்சா தீர்ப்பு சொல்றீங்க? பொத்தான் கம்பெனியில இப்படித்தான் பார்ப்பீங்களா?"

சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாக நான் அங்கே தரப் பரிசோதகர்.

"அங்க குவியல்ல மேல, நடுவுல, அடியில, மூணு இடத்துலயும் பத்துப் பத்தா எடுப்போம்."

"இங்க மட்டும் என்ன குறைச்சல்?"

"அதுக்குப் பிளக்கணுமே."

"பிளக்க வேணாங்க. மாதிரி எடுங்க."

மாதிரி எடுத்தேன். எல்லாம் ஒரே கனம், ஒரே நீளம். சமையலறைத் தராசில் நிறுத்து, சாக்பீஸால் எண் போட்டேன். மூன்றாம் நாள், "அடிமரமும் நுனியும் ஒரே மாதிரியா எரியும்?" என்றாள். நியாயமான கேள்வி. நான்காம் நாள், "பட்டையோட ஒண்ணு, பட்டை இல்லாம ஒண்ணு?" என்றாள். இவளுக்குள் இப்படி ஒரு விஞ்ஞானியா என்று பூரித்துப்போனேன்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, விறகு பிளக்கறீங்களா?"

"இல்லம்மா. ஆராய்ச்சி."

"அதானே பார்த்தேன். நீங்களாவது விறகு பிளக்கறதாவது," என்று போய்விட்டார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு முடிவை அறிவித்தேன்.

"பத்த வைக்க பைன். நின்னு எரிய ஓக். ரெண்டுக்கும் நடுவுல தைலமரம்."

"லாரிக்காரரும் இதேதாங்க சொன்னார்."

"எப்போ?"

"கொட்டும்போதே."

நான் அசரவில்லை. "சரி, விடுப்பு முடிஞ்சுது. பிளக்க ஆள் கூப்பிடு."

"பிளக்க என்ன இருக்கு?"

வாசலைப் பார்த்தேன். மலையைக் காணோம். சுவரோரமாகத் தோள் உயரத்துக்கு, எரித்துப் பார்த்தது போக, ஒன்றிலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டு வரை எண் போட்ட மாதிரிகள் வரிசையாக அடுக்கியிருந்தன.

உட்கார்ந்துவிட்டேன். அவள் காபி கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே? அம்மா வீட்டுக்கும் இன்னைக்கு லாரி வந்துச்சாம். உங்க முடிவு அங்கயும் சரியா வருதான்னு பார்த்துட வேணாமா?"

"அங்க எத்தனை வகை மரம்?" என்று கேட்டது நான்தான்.