டிரான்ஸ்போஸ் பட்டன் இல்லாத பியானோ

துக்கத்தில் இருப்பவர் ஏதாவது கேட்டால் "முடியாது" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை. அன்றைக்கு மட்டும் வந்திருந்தால் ராயக்கோட்டையில் ஒரு கூடம் நிறைய ஆட்கள் முன்னால் என் மானம் கப்பலேறியிருக்காது.

என் மாமியார் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிற நேரம். ராயக்கோட்டையில் மாமனார் வீட்டிலேயே நினைவு ஜெபக் கூட்டம் வைப்பதாக முடிவாயிற்று. அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய பியானோ உண்டு. (கரண்ட் பில் கட்ட வழி கேட்டு வந்த ஒருவர் அதைப் பீரோ என்று நினைத்துச் சாய்ந்து நின்றிருக்கிறார்.) மாமியார் கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அதில் ஒரே ஒரு மேற்கத்திய கிளாசிக்கல் இசைத்துண்டைப் பழகிக்கொண்டே இருந்தாராம். கடினமானது.

மாமனார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மாப்ள, அவ வாசிச்சது கடைசில எப்பிடி முடியும்னு எனக்குத் தெரியாது. அவ ஒரு நாளும் முழுசா வாசிச்சதில்ல. ஒருக்கா கேட்டுட்டன்னா மனசு ஆறும். சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிறீங்களே, உங்களால ஆவுமா? கஷ்டம்னா இப்பவே சொல்லிருங்க, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமியார் பார்த்து வாசித்த இசை நோட்டை வாங்கிப் பார்த்தேன். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருப்பவன். பொருள் தேறுமா தேறாதா என்று சொல்வதற்குத்தான் சம்பளம். அங்கே செய்வதையே இங்கும் செய்தேன். முதல் பக்கத்தில் ஒரு சாம்பிள், கடைசிப் பக்கத்தில் ஒரு சாம்பிள். இரண்டும் மெதுவாக, விரலுக்கு அடங்குவதாகத்தான் இருந்தன. "பண்ணிடலாம் மாமா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் என் போன்றவர்களின் வித்தையை இங்கே சொல்லியாக வேண்டும். எல்லாப் பாட்டையும் வெள்ளைக் கட்டைகளிலேயே பழகிவிடுவோம். பாடுகிறவர் எந்தச் சுருதியில் தொடங்கினாலும் டிரான்ஸ்போஸ் என்ற பட்டனை அமுக்கினால் போதும், பெட்டியே சுருதியை மாற்றித் தந்துவிடும். மாமியாரின் இசைத்துண்டையும் ஓசூர் வாடகை வீட்டில் அப்படியேதான் பழகினேன். நடுப்பக்கங்கள் வரும்போதெல்லாம் ஷிப்டுக்கு நேரமாகிவிடும். (உண்மையில் ஆகாது.)

கூட்டத்தன்று ஜெபம் முடிந்தது. பியானோ முன்னால் உட்கார்ந்தேன். என் இடது கை தானாகப் போய்ப் பட்டனைத் தேடியது. வழுவழுவென்று மரம்தான் இருந்தது. பட்டன் இருக்க அதென்ன ரைஸ் குக்கரா?

வேறு வழியின்றி வெள்ளைக் கட்டைகளிலேயே தொடங்கினேன். மாமனார் சட்டென்று தலையை நிமிர்த்தினார். "இது அது இல்லியே மாப்ள" என்றார் மெதுவாக. அத்தனை வருடம் கேட்ட காது அது. நிறுத்திவிட்டு, நோட்டில் உள்ளபடி கறுப்புக் கட்டைகளைத் தடவித் தடவி மறுபடி ஆரம்பித்தேன். முதல் பக்கம் நொண்டிக்கொண்டே கரையேறியது. நடுப்பக்கத்தில் இடது கை ஒரு பக்கம் ஓட வேண்டும், வலது கை அதைக் கவனிக்காமல் மேலே ஏற வேண்டும். என் கைகள் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நின்றுவிட்டன. பின்வரிசையில் யாரோ பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்து "ஆமென்" என்றார்.

என் மனைவி ஜெசி தலை குனிந்துகொண்டாள். மாமனார்தான் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"அங்கதான் மாப்ள. அவளும் சரியா அங்கதான் நிறுத்திட்டு எந்திரிச்சுப் போவா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த ஒரு வருடத்தில் அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழ ஆரம்பித்தார்.

"மாமா, கடைசிப் பக்கம் எனக்கு நல்லா வரும். அத மட்டும் வாசிக்கட்டுங்களா?" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேணாம் மாப்ள. அவ தாண்டாத எடத்த நான் மட்டும் தாண்டிப் போயி என்ன பண்ணப் போறேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைச் செய்கிறேன் என்று கிளம்பினாலும் ஒரே கேள்விதான்: "நடுப்பக்கம் பாத்தாச்சா?" நான் மிக்ஸியைக் கழற்றினாலும் சரி, ஜெசி வேலைக்கு மனுப் போட்டாலும் சரி, இது இல்லாமல் விட மாட்டார்கள்.

போன மாதம் மாமனாருக்கு இதயத்தில் கோளாறு என்று கிருஷ்ணகிரியில் காட்டினோம். டாக்டர் சின்ன வயதுக்காரர். ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ஆபரேஷன் பண்ணிடலாம் ஐயா, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

மாமனார் ரிப்போர்ட்டைக் கையால் காட்டினார். "நடுப்பக்கம் பாத்துட்டிங்களா சார்?"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ரிப்போர்ட்டைத் திருப்பி, நடுவிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.