கறுப்பு முள்ளு றப்பர் ஒரு துண்டு

சாய்ந்தமருது,
12.08.1997

அல்லாஹ்ட காவலில் கத்தாரில் இருக்கும் என் தம்பி றஸாக்குக்கு, ராத்தா ஹாஜறா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் பிள்ளைகளும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் திரியாமல் இருக்க துஆச் செய்கிறேன். மறுகா, இதைப் படித்ததும் நீ ஒரு கடைக்குப் போகவேணும்.

உன் மச்சான் மௌத்தாகி மூணு மாசம். நாலு மாசம் பத்து நாள் முடியாததால நான் இன்னும் இத்தாவில்தான். சேலை கட்டி மறைச்ச அறை, ஆம்பிளைகள் வந்தா என்ட குரல் மட்டும்தான் வெளிய போகும். போன வெள்ளிக்கிழமை உன் மச்சான்ட கிளப் சீனிமுகம்மது வாசல்ல நிண்டு, "மச்சி, அடுத்த மாசக் கடைசியில நம்மட முகைதீன்பாவா காக்கா ஞாபகார்த்தமா மேசைப்பந்துக் கிண்ணப் போட்டி வைக்கப்போறம். காக்காவோட விளையாடின பாண்டிருப்புக் குணமும் வாறார். காக்காட மட்டையைத் தாங்க, அதாலதான் நான் விளையாடுவன்" எண்டார். எனக்கு அழுகை வந்திட்டு. மட்டையை எடுத்துப் பார்த்தா அழுகை போய்க் கோபம் வந்திட்டு. நாப்பதாம் நாள் கத்தம் ஓதினதுக்குச் சோறாக்க வந்த நம்மட மாமி அதை விசிறியெண்டு நெனச்சு பிரியாணி அடுப்புக்கு விசிறியிருக்கா. ஒரு மூலையில றப்பர்ட முள்ளெல்லாம் உருகிப்போச்சு. கேட்டா, "கைக்கு அடக்கமா இருந்திச்சு புள்ள" எண்டு சொல்றா.

அதால நீ ஒரு றப்பர் அனுப்பு. முன்ன அனுப்பினமாதிரி வேணாம். நீ கடைக்காரனிட்ட "ஆக நல்லது தா" எண்டு கேட்டு, தடிச்ச பஞ்சு வச்ச செவப்பு றப்பர் வாங்கினாய். உன்ட மனம் நோகப்படாதெண்டு அவர் ஒட்டினார். முதல் பந்து கிளப் கூரையில, ரெண்டாவது பந்து பள்ளிவாசல் ஹவுள் தண்ணிக்குள்ள, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுத்துக்கொண்டிருந்தவர்ட கையில. அது அடிக்கிற ஆளுக்கெண்டு செய்த றப்பர். உன் மச்சான் அடிக்கிற ஆளா? மேசைக்கு ஆறடி பின்னால நிண்டு, வாற பந்தையெல்லாம் திருப்பி அனுப்புவார், அடிக்கிறவன் களைச்சு வலைக்குள்ள போடுமட்டும். வீட்டிலயும் அப்பிடித்தான். நான் எவ்வளவு ஏசினாலும் "ஓம் புள்ள, ஓம் புள்ள" எண்டு திருப்பி அனுப்புவார், கடைசியில நானே களைச்சுச் சிரிச்சிருவன். இப்பயும் சிலநேரம் ஏசிப்பார்க்கிறன். ஒண்டும் திரும்பி வருதில்ல.

கறுப்பு நிறம், முள்ளு நீளம், பஞ்சு மெல்லிசு. கடைக்காரன் சிரிச்சா சிரிக்கட்டும். ஒட்டுறது எனக்குத் தெரியும், பதினாறு வருசமா நான்தானே ஒட்டினன். சைக்கிள் ரியூப் ஒட்டுற சொலூசனை றப்பரிலயும் மரத்திலயும் மெல்லிசாப் பூசி, காயவிட்டு, மறுகா ஒட்டி, அரிசி மூட்டைக்குக் கீழ வைக்கவேணும். அவர் தையல் கத்தரியால ஓரம் வெட்டுவார். எனக்கு ஒரு நூல் வெட்டவும் தராத கத்தரி அது. மட்டைட மற்றப் பக்கம், முள்ளில்லாத மினுங்குற றப்பரைப் பச்சத்தண்ணியால துடைச்சு, நிழல்ல காயவச்சு, மேல ஒரு சொப்பிங் பேக் துண்டை ஒட்டிவைப்பார். முள்ளுக்குள்ள போன தூசியை எடுக்கப் பல்லு பிரஸ். அவருக்கு ஒரு பிரஸ், மட்டைக்கு ஒரு பிரஸ், புதிசு எப்பவும் மட்டைக்குத்தான்.

சீனிமுகம்மது சொல்றார், "முள்ளு என்னத்துக்கு மச்சி, தடிச்ச செவப்பை ஒட்டித்தாங்க, அடிச்சு நொறுக்கிறன்" எண்டு. நான் சேலைக்கு இங்கால இருந்து, "அந்த மட்டை ஒருநாளும் ஒருத்தரையும் அடிக்கல்ல, இனியும் அடிக்காது" எண்டன். மனிசன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போயிட்டார்.

அதால ஊருக்கு வாற ஆர்ட கையிலயாவது கெதியாக் குடுத்தனுப்பு. பிள்ளைகள் மாமாக்கு ஸலாம் சொல்றாங்க. உன்ட கைகாலுக்கும் உழைப்புக்கும் அல்லாஹ் பறக்கத்துச் செய்யட்டும்.

உன் ராத்தா,
ஹாஜறா

பின்குறிப்பு: றப்பர் வேணாம். கடிதத்தை மடிச்சுவச்சிட்டு பழைய முள்ளு றப்பரை உரிப்பமெண்டு பார்த்தன். நான் ஒட்டினதெல்லோ, விடுதில்ல. ஓரத்தில அவர் பெருவிரல் வைக்கிற இடம் பள்ளமாக் கிடக்கு. என்ட விரலை வச்சுப் பார்த்தன், பள்ளம் பெரிசு. அப்பிடியே விட்டிட்டன். உன்ட செவப்பு றப்பரை அவர் பத்திரமா உரிச்சு டிரங்குப் பெட்டியில வச்சிருந்தார். அதைச் சீனிமுகம்மதுட சொந்த மட்டையில நானே ஒட்டிக்குடுத்து, பள்ளிவாசல் ஹவுளை மூடிவைக்கவும் சொல்லியனுப்பினன். அப்பயும் விடாம, "காக்காட மட்டை எங்க மச்சி?" எண்டு கேட்டார். அதுவும் இத்தாவில இரிக்கி, ஆம்பிளைகளுக்கு முன்னால வராதெண்டு சொல்லிட்டன்.