ஒருவர்கூட விழக்கூடாது

ராவிரி பைக்கிலிருந்து விழவில்லை. ஹன்டர்வில் பேக்கரியின் வாசற்படியிலிருந்து விழுந்தான். கையிலிருந்த கறி பஃப்ஸைக் காப்பாற்றப் போய்க் கணுக்காலைக் கொடுத்துவிட்டான். பஃப்ஸும் பிழைக்கவில்லை.

பெவன், பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி இணைத்த தன் சைடுகார் பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். எழுபது வயது இடுப்பு எவ்வளவு ஓட விடுமோ அவ்வளவு ஓட்டம்.

“எந்திரிடா!”

“முடியல பெவன். உள்ள என்னவோ சடக்குன்னுச்சு.”

“அது உன் பெல்ட்டு. எந்திரி, யாராவது பாத்துடப் போறாங்க.”

பேக்கரிப் பெண் அதற்குள் பார்த்துவிட்டாள். தோல் சட்டை, முழங்கால் உயர பூட்ஸ், பக்கத்தில் உருண்டு கிடக்கும் ஹெல்மெட். பார்த்தால் என்ன தோன்றும்?

“ஐயையோ, பைக்குல விழுந்துட்டாரா? எதிர்த்தாப்புலதான் டாக்டர், கூப்பிடட்டுமா?”

“படியில விழுந்தான்மா, படியில! பைக்கு அதோ நிக்குது பாரு, தேமேன்னு!”

“அதுக்கு ஏன் என்கிட்ட கத்துறீங்க?”

கத்தாமல் என்ன செய்வார்? போன வாரம்தான் மந்திரி வெல்பி ரேடியோவில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பைக்காரர்கள் தாராளமாகத் தலைநகர் வெலிங்டனுக்கு ஊர்வலம் வரட்டும். வந்து சேர்வதற்குள் எத்தனை பேர் விழுகிறார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்போம்.”

அந்தச் சிரிப்பு பெவனுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

இந்த நாட்டில் அடிபட்டவன் யார்மேலும் வழக்குப் போட முடியாது. தப்பு யாருடையது என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். வைத்தியச் செலவையும், படுத்திருக்கும் நாளுக்குச் சம்பளத்தில் பெரும்பங்கையும் விபத்துக் காப்பீடு கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடுதான், அந்தப் பணத்தை யாரிடமிருந்து பிடுங்குகிறார்கள் என்று பார்க்காத வரைக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பால் லாரிக்காரன் திரும்பிப் பார்க்காமல் லாரியைப் பின்னுக்கு எடுத்து ராவிரியைச் சாய்த்தான். தப்பு லாரிக்காரனுடையது. செலவு ஏறியது பைக்காரர்கள் வருடாவருடம் கட்டும் விபத்து வரிக் கணக்கில். அந்தக் கணக்கைக் காட்டித்தான், “இவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள்” என்று சொல்லி, பைக்கின் விபத்து வரியை மூன்று மடங்காக்கப் பார்த்தார் வெல்பி.

வரி ஏறினால் பெவனின் பென்ஷனில் வண்டி ரோட்டில் ஓடாது. விற்கவேண்டியதுதான். வேலி போடும் தொழிலில் கம்பிச் சுருளும் நாயுமாக அவர் ஊர் ஊராகத் திரிந்தது அந்த சைடுகாரில்தான். தொழில் போய்விட்டது. நாய் டிப் இருந்தது, வண்டி இருந்தது. வேறு எதுவும் பெரிதாக இல்லை.

அதனால்தான் பைக்காரர் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னார்: “எண்ணட்டும். ஒருத்தன்கூட விழக்கூடாது. ஒருத்தன்கூட டாக்டர் வாசலை மிதிக்கக்கூடாது. அந்த ஆளு பூஜ்யம்னு எண்ணட்டும்.” எல்லாரும் கை தட்டிவிட்டு, அந்த வேலையை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஊர்வலத்தின் வாலில் வந்து, விழுகிறவனைப் பார்த்துக்கொள்கிற வேலை.

சங்கச் செயலாளர் ரேலீன், முன்னால் போய்க்கொண்டிருந்த ஊர்வலத்திலிருந்து தன் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அவர்கள் ஊரான டைஹாபேயில் அரசியல்வாதியைவிட உரக்கப் பேசக்கூடிய ஒரே பெண் அவள்.

“என்னய்யா கூட்டம்? ராவிரி, தரையில என்னடா பண்ற?”

“படி வழுக்கிடுச்சு.”

“டாக்டர்கிட்டப் போகலாம்ல?”

“போனா என்ன எழுதுவாங்க?” என்றார் பெவன். “பைக்கு பூட்ஸோட ஒருத்தன் நொண்டிக்கிட்டு வந்தா, பஃப்ஸ் விபத்துன்னா எழுதுவாங்க? நம்ம தலையிலதான் எழுதுவாங்க. இவன் பைக்க பேக்கரிக்குப் பின்னால விடு. இவன் என் சைடுகார்ல வரட்டும்.”

“அதுல டிப் இருக்கே.”

“மடியில வச்சுக்குவான்.”

ராவிரி இளவயதில் ரக்பி ஆடியவன். ஆட்டத்தை விட்ட பிறகும் சாப்பாட்டை விடவில்லை. அவன் உட்கார்ந்ததும் சைடுகார் ஒரு முனகல் முனகியது. அவன் மடியில் டிப், டிப்பின் வாயில் மிச்ச பஃப்ஸ்.

புல்ஸ் என்ற ஊரைத் தாண்டியதும் முனகல் அலறலாக மாறியது. சைடுகாரை வண்டியோடு இணைக்கும் முன்பக்க இரும்புக் கை விட்டுப்போயிருந்தது. பெவன் ஓரங்கட்டினார்.

“கம்பி போட்டா நிக்கும்” என்றார். வேலிக் கம்பியால் சரிசெய்ய முடியாத ஒரு பொருளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் வழியெல்லாம் அடுத்தவன் சைலன்சரைக் கட்டியே கொண்டுவந்த சுருளைத் தீர்த்திருந்தார். ரோட்டோரம் ஒரு ஆட்டுப்பட்டியின் வேலி நீளமாகப் போனது. கீழ்க் கம்பி நல்ல கனம்.

“வேணாம் பெவன். அடுத்தவன் வேலி.”

“இந்த வேலி போட்டவனே நான்தான்டா. ஒரு சாண் எடுத்தா யாருக்குத் தெரியும்?”

ஆடுகளுக்குத் தெரிந்துவிட்டது. பெவன் குறடை மடக்குவதற்குள் முதல் ஆடு தலையை நீட்டியது. பிறகு பட்டி மொத்தமும் நெடுஞ்சாலையில் நின்றது. வாலில் அவரோடு வந்துகொண்டிருந்த பைக்காரர்கள் மலைத்துப்போய் நின்றார்கள். தாடி வைத்த தடியன்கள் தோல் சட்டையோடு கையை விரித்துக்கொண்டு, “ஹோய், ஹோய்” என்று ஆடு விரட்டினார்கள். டிப்புக்கு மட்டும் திடீரென்று பத்து வயது குறைந்துவிட்டது.

“ஓடாதீங்கடா, மெதுவா! யாரும் விழுந்துடாதீங்க!” என்று பெவன் நடுரோட்டில் கத்திக்கொண்டிருந்தபோது, கிடா ஒன்று பின்னால் பத்தடி தள்ளி நின்று யோசித்து, முடிவு செய்து, வந்து மோதியது.

விலாவில் ஏதோ உடைந்த சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது. இது பெல்ட் இல்லை.

ரேலீன் ஓடி வந்தாள். “அடிபட்டுச்சா?”

“கிடாவுக்கா? இல்ல, நல்லாத்தான் இருக்கு.”

“உனக்குய்யா!”

“எனக்கென்ன?” மூச்சை அரைகுறையாக இழுத்துக்கொண்டார். முழுசாக இழுத்தால் கத்திவிடுவார் என்று அவருக்கே தெரிந்தது.

ஆடுகளை உள்ளே தள்ளிய பிறகு வேலியைக் கட்டவேண்டும். வேலியைக் கட்டக் கம்பி வேண்டும். எடுத்த கம்பியில் பாதி வேலிக்கே போனது. மீதிப் பாதியை சைடுகாருக்குச் சுற்றி முறுக்கினார். இதைவிடக் குறைந்த கம்பியில் இதைவிடப் பெரிய வேலைகள் செய்திருக்கிறார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

டிப் வந்து முடிச்சை முகர்ந்து பார்த்தது. பெவனைப் பார்த்தது. ரோட்டோரம் போய் உட்கார்ந்துகொண்டது.

“ஏறு டிப்.”

டிப் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

“நாயே ஏற மாட்டேங்குது, நான் ஏறணுமா?” என்று ராவிரி நொண்டிக்கொண்டே போய் ரேலீனின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டான். டிப்பை வேறொருவன் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். காலி சைடுகாரோடு, மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டு, வெலிங்டன் வரை வந்து சேர்ந்தார் பெவன்.

பாராளுமன்றத்தின் முன்னால் தெரு தெரியவில்லை, பைக்குகள்தான் தெரிந்தன. ரேலீன் ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

“மந்திரி அவர்களே! எண்ணப்போறதா சொன்னீங்களே, எண்ணினீங்களா? தீவு முழுக்க இருந்து வந்திருக்கோம். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல!”

ஹார்ன் சத்தத்தில் புறாக்கள் கூரையைக் காலி செய்தன. பெவனும் கையைத் தூக்கினார். தூக்கியது தப்பு. மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டார்.

வெல்பி படியிறங்கி வந்தார். ரேடியோவில் வந்த அதே சிரிப்புக்கு இப்போது பல்லும் சேர்ந்திருந்தது. கூட்டம் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. கேமராக்கள் அந்த முதுகுகளைப் படம் பிடித்தன. அது வெல்பிக்குப் பிடிக்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். காலி சைடுகார் கண்ணில் பட்டது.

“அடடா, சைடுகாரா! எங்கப்பா ஒண்ணு வச்சிருந்தாரு. நான் உங்களுக்கு எதிரி இல்லப்பா. வாங்க, என்னை வச்சு ஒரு சுத்து சுத்துங்க.” சொல்லும்போது கண் கேமராமேல் இருந்தது.

“வேணாம்” என்றார் பெவன்.

“ஏன்?”

“நாய் உட்கார்ற இடம்.”

“நாய் உட்கார்ந்த இடத்துல நான் உட்காரக் கூடாதா?”

“நாய்க்குத்தான் கௌரவக் குறைச்சல்!” என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

பெவன் ரேலீனை ஓரமாக இழுத்தார். “கம்பிலதான் நிக்குது. பாதிக் கம்பில.”

“அத இங்க சொல்லுவியா? ‘எங்க வண்டி லாயக்கில்ல, ஏறாதீங்க’ன்னு டிவி முன்னால சொல்லு. மூணு மடங்கு ஆறு மடங்கா ஆயிடும்.”

“அப்ப என்ன பண்றது?”

“ஏத்திக்கோ. நடக்குற வேகத்துல போ. தெருவுல போய் அடுத்த கேட்டு வழியா உள்ள வந்துடு. ராவிரிய தாங்கின வண்டி, இந்த ஆளத் தாங்காதா?”

“தாங்காமத்தானடி உடைஞ்சுது!”

அதற்குள் வெல்பி ஏறி உட்கார்ந்துவிட்டார். தலைக்கு ராவிரியின் ஹெல்மெட்டைக் கொடுத்தார்கள். அது மூக்கு வரை இறங்கியது. கேமராக்காரன் கேட்டபோதெல்லாம் அதைத் தூக்கிச் சிரித்தார், விட்டார், இருட்டுக்குள் போனார்.

டிப் ஒருமுறை குரைத்தது. எச்சரிக்கை என்று பெவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

தெருவில் வண்டி நன்றாகத்தான் போனது. “ரொம்ப மெதுவா போறீங்களே பெரியவரே, பயமா?” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வெல்பி கேட்டார். பெவன் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டார். பதிலுக்கு மூச்சு வேண்டும். ஆனால் கை கேட்கவில்லை, ஆக்சிலேட்டரைத் துளி திருகிவிட்டது.

அடுத்த கேட்டில் வண்டி வலப்பக்கம் திரும்பியது. சைடுகார் திரும்பவில்லை. நேராகப் போனது. நடைபாதையில் ஏறியது, பூச்செடிகளைக் கடந்தது, என்றைக்கோ செத்துப்போன யாரோ ஒரு தலைவரின் சிலைப் பீடத்தில் போய் முட்டி நின்றது. ஹெல்மெட் போட்டிருந்ததால், எங்கே போகிறோம் என்று கடைசிவரை வெல்பிக்குத் தெரியாது. அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்கு அது பழக்கம்தான்.

கேமராக்காரர்கள்தான் முதலில் ஓடி வந்தார்கள். பிறகு உள்ளேயிருந்து, “என் காலு! என் காலு!” என்று சத்தம் வந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவன் கை தட்டத் தொடங்கி, நிலைமை புரிந்து நிறுத்தினான்.

வெல்பியை வெளியே தூக்கியதும், டிப் ஓடிப் போய் சைடுகாரில் ஏறி உட்கார்ந்தது. இப்போது அது வண்டியோடு சேர்ந்திருக்கவில்லை அல்லவா.

ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு எலும்பு முறிவு, கணுக்கால் தனி, மாதக்கணக்கில் படுக்கை என்று பேசிக்கொண்டார்கள். போலீஸ்காரர் முறுக்கிய கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்து, “நல்ல முடிச்சு. கம்பிதான் பத்தல” என்றார். அபராதம் வரும் என்றார். வரட்டும்.

பெவனுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் கிளம்பியது. நல்ல சந்தோஷம் இல்லை. ஆனால் வேறு சந்தோஷம் எதுவும் கொஞ்ச நாளாக அவர் பக்கம் வந்ததில்லை. எண்ணுவேன் என்றாயே ஐயா, எண்ணிக்கொள். விழுந்தது ஒரே ஒருவர். அதுவும் எங்களவர் இல்லை. நீ.

ரேலீன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: “இன்னும் நம்ம கணக்கு பூஜ்யம்தான், பெவன்.”

“பூஜ்யம்தான்” என்றார் பெவன்.

ஆம்புலன்ஸ் பெண், வெல்பியை உள்ளே ஏற்றிவிட்டுத் திரும்பினாள். சின்னப் பெண், முகத்தில் கரிசனம். பெவன் ஒரு கையால் கதவையும் மறு கையால் விலாவையும் பிடித்துக்கொண்டு நிற்கும் விதத்தைப் பார்த்தாள்.

“விலாவப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே. உங்களையும் பார்த்துடட்டுமா? வாங்க, காசெல்லாம் கிடையாது.”

“எனக்கு ஒண்ணுமில்லம்மா.”

“மூச்சு விடக் கஷ்டப்படுறீங்க.”

“ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல.” அரை மூச்சை இழுத்து நிமிர்ந்து நின்றார். “எங்காளுங்க ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. அத மட்டும் நல்லா எழுதிக்கோ.”

அவள் உள்ளே படுத்திருந்தவரை ஒருமுறை பார்த்தாள், கதவைச் சாத்தப் போனவள் நின்றாள்.

“அப்படி எழுத முடியாது பெரியவரே, சைடுகார்ல விழுந்தவரும் பைக்குல விழுந்தவர்தான், வைத்தியமும், எந்திரிச்சு நடக்குற வரைக்கும் மந்திரி சம்பளத்துல அஞ்சுல நாலு பங்கும், இனி பைக்காரங்க நீங்க எல்லாரும் கட்டுற வரியிலேருந்துதான் அவருக்குப் போகும்.”