இருபத்துமூன்று உறைகளும் என் கடை முத்திரையும்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை, கால்நடை மருத்துவர் ஹார்லன் டால் அவர்களுக்கு, நெஸ்விக் டயர் கடை எல்ராய் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், கடை, நாய் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் தங்கை சோல்வேயும் சௌக்கியமாக இருப்பீர்கள். கடிதத்தைப் படித்து முடிக்கும்போதும் அப்படியே இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். இன்றிரவே நானே கொண்டுவந்து உங்கள் வாசல் பெட்டியில் போடப்போகிறேன், ஆறு மைல் தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் என்ன கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். நேரில் வரலாமென்றால் உங்கள் கையில் எப்போதும் மாட்டு ஊசி இருக்கிறது.

விஷயம் இதுதான். நாளைக் காலை கோர்ட்டுக் கட்டடத்தில் மறு எண்ணிக்கை தொடங்கும்போது நீங்கள் எழுந்து நின்று, ஓட்டுகளைச் சரிபார்க்கிற டவுன் கிளார்க் ஆர்லிஸ் மோன் வேண்டுமென்றே இருபத்துமூன்று தபால் ஓட்டுகளைத் தள்ளிவைத்து உங்களைத் தோற்கடித்தாள் என்று எழுதிவைத்திருப்பதைப் படிக்கப்போகிறீர்கள். தயவுசெய்து படிக்காதீர்கள். அந்த இருபத்துமூன்றும் தள்ளுபடியானது என்னால்.

மாநில செனட்டுக்கு நம் பக்கத்து ஆள் ஒருவர் போய் நாற்பது வருஷமாகிறது. தொகுதி எல்லைக் கோட்டை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் நாம் அதன் வால்தான். ஓடைப் பாலம் நாலு வருஷமாக மூடிக் கிடக்கிறது, பால் லாரி இருபது மைல் சுற்றிப் போகிறது, ஜெயித்துப் போன எவரும் அந்தப் பாலம் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்டதில்லை. நீங்கள் நிற்கிறேன் என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவன் நான்தான், இதில் பொய்யில்லை. தேர்தல் நேரத்தில் நம் ஆட்களெல்லாம் மக்காச்சோள அறுவடையில் இருப்பார்கள், வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள், ஆகையால் எல்லோரும் தபால் ஓட்டை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை என் கடைக்கு வாருங்கள், உறைமேல் ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு நான் நிற்கிறேன், காற்றும் சும்மா பிடித்துத் தருகிறேன் என்று சொல்லிவைத்தேன். வந்தார்கள். கார் தூக்கும் லிஃப்டுக்குப் பக்கத்தில் மேஜை, மேஜைமேல் காப்பி, ஒரு தட்டு டோநட். அதற்குள் யாரோ ஆர்லிஸிடம் போட்டுக்கொடுக்க, அவளே வந்து நின்றாள்.

"ஓட்டுப் போட்டவனுக்கு டோநட் குடுக்கறியாமே எல்ராய். அது லஞ்சம், தெரியுமில்ல?"

"போடாதவனுக்கும்தான் குடுக்கறேன்."

"அப்ப எனக்கும் ஒண்ணு எடு." நின்றபடியே தின்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சாட்சிக் கையெழுத்தைக் கையால போடணும். விலாசம் முழுசா எழுதணும். ஞாபகம் வச்சுக்க."

"எனக்குக் கையெழுத்துப் போட நீ கத்துக் குடுக்கறியாக்கும்."

இதைச் சொன்னதற்கு அங்கிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இப்போது நினைத்தால் காது சுடுகிறது. அவள் போனதும், உறையோடு வரிசையில் நின்ற விவசாயி ஓர்வில், "அடேய், சீக்கிரம் விடு, அங்க சோளம் காத்துட்டு நிக்குது" என்று அவசரப்படுத்தினான். என் கையெல்லாம் கிரீஸ். முப்பது வருஷமாக எந்தக் காகிதம் வந்தாலும் முத்திரையை எடுத்துக் குத்திப் பழகிய கை இது. குத்தினேன். இருபத்துமூன்று உறையிலும், சாட்சி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், 'நெஸ்விக் டயர் கடை, மில் தெரு.' கையெழுத்தும் இல்லை, விலாசமும் சரியில்லை. மில் தெருவை விட்டு ஹைவேக்கு வந்து ஆறு வருஷமாகிறது. முத்திரை இன்னும் தேயாமல் இருக்கும்போது புதிது எதற்கு என்று நான்தான் மாற்றவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஆர்லிஸ் உறைகளைப் பார்த்துவிட்டு, சாட்சி நேரில் வந்து கையெழுத்துப் போடலாம், தேர்தல் நாளான செவ்வாய் மாலை எட்டு மணிவரை நேரமிருக்கிறது என்று உறைக்கு ஒன்றாக இருபத்துமூன்று நோட்டீஸ் அனுப்பினாள். உறையில் என்ன விலாசம் இருக்கிறதோ அதற்குத்தான் அனுப்புவாள், அவள் அப்படிப்பட்டவள். மில் தெருவுக்கே அனுப்பினாள். என் பழைய கடையிருந்த மில் தெருக் கட்டடம் காலியாக இருப்பதாக உங்களிடம் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை, அது காலியில்லை. ஆகஸ்டிலிருந்து அங்கேதான் ரோஸ்லின் பெக்கரின் தேர்தல் அலுவலகம் நடக்கிறது. ஆமாம், உங்களை எதிர்த்து நின்ற அதே ரோஸ்லின் பெக்கர். ஜன்னலில் திரை போட்டுக்கொள்ளுங்கள், பலகை மாட்டாதீர்கள், என் தங்கை வீட்டுக்காரர் அந்தப் பக்கம்தான் மாடு பார்க்கப் போவார் என்று நான் சொல்லியிருந்தேன். நல்ல வாடகை, முன்பணம், கூரை ஒழுகுவதைக்கூடக் கேட்கவில்லை. வியாபாரிக்குக் கை நீண்டுவிட்டது, வேறென்ன சொல்ல.

அங்கே வேலை செய்கிற பெண் மறுநாளே போன் பண்ணினாள். "மிஸ்டர் நெஸ்விக், டவுன் ஆபீஸ்லேருந்து உங்க பேருக்கு ஒரு கட்டுத் தபால் வந்திருக்கு, அவசரம்னு மேல எழுதியிருக்கு" என்றாள். நாய் லைசென்ஸ் தருவதும் டவுன் ஆபீஸ்தான், நான் இரண்டு வருஷமாக அதை எடுக்கவில்லை. "அது நாய் விஷயம்மா, மூலையில போடு" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஆர்லிஸே கடைப் போனில் பேசிவைத்திருந்தாள்: "எல்ராய், தபால் பார்த்தியா? உடனே வா." அதுவும் நாய் என்றே நினைத்தேன். செவ்வாய்க்கிழமை தெருவில் அவள் கார் வந்தபோது மருந்துக் கடைக்குள் நுழைந்து, தேவையே இல்லாத இருமல் மருந்து வாங்கிக்கொண்டு பின்பக்கமாக வெளியேறினேன். எட்டு மணி தாண்டிவிட்டது. நீங்கள் பதினோரு ஓட்டில் தோற்றீர்கள்.

மறுநாள் உங்கள் சமையலறையில் அந்த இருபத்துமூன்று உறைப் பேச்சு வந்தபோது, "சாட்சி சரியில்லைன்னு தள்ளிட்டாளாம், எல்லாம் நம்ம பக்கத்து உறைதான்" என்று நீங்கள் மேஜையைத் தட்டினீர்கள். "நான் பார்த்த உறையெல்லாம் சுத்தம் மாப்ள. ஆர்லிஸ் மேல எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம் உண்டு" என்று எடுத்துக்கொடுத்தவன் நான். என் முத்திரைதான் காரணம் என்று அப்போது எனக்கு உண்மையாகவே தெரியாது. வெள்ளிக்கிழமை மில் தெருவுக்குப் போய், மூலையில் கிடந்த கட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. பழைய டயர்மேல் உட்கார்ந்து இருபத்துமூன்றையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான், ஆனாலும் படித்தேன்.

அன்றே வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நேற்று சர்ச்சில் மீன் விருந்துக்கு நீங்கள் வரவில்லை, அதனால் பார்த்திருக்க மாட்டீர்கள். வழக்கம்போல ஆர்லிஸ்தான் உருக்கிய வெண்ணெய்க் குவளையோடு மேஜை மேஜையாக வந்தாள். இருபது வருஷமாக அது அவள் வேலை. நம் சமையலறைப் பேச்சு ஊரெல்லாம் பரவியிருந்ததால் நேற்று ஒருவரும் தட்டை நீட்டவில்லை. அந்த வழவழ மீனை வெண்ணெய் இல்லாமல் விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும், முன்னூறு பேர் விழுங்கினார்கள். என் மேஜைக்கு வந்து, "உனக்கு, எல்ராய்?" என்று கேட்டாள். "டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்றேன். எந்த டாக்டர், மாப்பிள்ளை? எனக்குத் தெரிந்த டாக்டர் நீங்கள் ஒருவர்தான். குவளையை அப்படியே சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இன்று மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். கதவில் யாரோ 'திருடி' என்று எழுதி ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டுத்தான் மணியை அடித்தேன். சமையலறை மேஜைமேல் ராஜினாமாக் கடிதம், எழுதி முடித்து வைத்திருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், இருமல் மருந்து உட்பட. திட்டினால் தேவலை என்று இருந்தது. கடைசியில், "நாய் பேர் என்ன?" என்றாள்.

"டியூக்."

"வயசு?"

"ஒன்பது இருக்கும்."

"வெறிநாய்த் தடுப்பூசி?"

"மாப்பிள்ளை போட்டாரு."

ராஜினாமாக் கடிதத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் இதையெல்லாம் குறித்துக்கொண்டாள். "திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்து லைசென்ஸ் வாங்கிக்க. நான் இருப்பேன்" என்றாள். நான் அழவில்லை. வெங்காயம் அரிந்து வைத்திருந்தாள்.

ஆகவே மாப்பிள்ளை, நாளைக்கு உங்களுக்கு முன்னால் நானே எழுந்து நின்று சொல்லிவிடுகிறேன். சொல்லப்போவதை எழுதி, கையாலேயே கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உங்களுக்கு வர வேண்டிய பதவியை நான் மூலையில் போட்டுவிட்டேன். பால் லாரி சுற்றிப் போகிற ஒவ்வொரு நாளும் அது என் கடை வாசலைத்தான் தாண்டிப் போகும், அந்தத் தண்டனை எனக்குப் போதும். ரோஸ்லின் பெக்கரைக் காலி பண்ணச் சொல்லி இன்று காலை மில் தெருக் கதவில் சீட்டு ஒட்டிவிட்டேன். அந்தக் காசு இனி எனக்கு வேண்டாம். முத்திரையை நசுக்கி, தேய்ந்துபோன டயர்களோடு போட்டுவிட்டேன்.

சோல்வேக்கு இந்த அண்ணனின் அன்பு. நீங்கள் பார்க்கும் மாடெல்லாம் சுகமாகக் கன்று போடட்டும். எனக்காக ஒன்றும் வேண்டிக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு மனம் வராது.

தலைகுனிந்து,
எல்ராய் நெஸ்விக்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ரோஸ்லின் பெக்கர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். செனட்டர் அலுவலகத்துக்கு மில் தெரு அறைதான் வேண்டுமாம், நம் முனையில் இதுவரை எந்த செனட்டரும் அலுவலகம் வைத்ததில்லையாம். பாலம் எங்கே என்று வேறு கேட்டாள். நான் முடியாது என்றுதான் சொன்னேன், மூன்று தடவை சொன்னேன், அவள் ஒவ்வொரு தடவையும் வாடகையை ஏற்றினாள். நாலு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். முத்திரை இல்லை, பேனாவால்தான். சாட்சிக்கு ஆர்லிஸைக் கூப்பிட்டோம். நான் சொன்ன விலாசத்தை நம்பாமல், மில் தெருவுக்கு நடந்துபோய் வாசலில் எண்ணைப் பார்த்துவிட்டு வந்து எழுதினாள். மறு எண்ணிக்கையில் நீங்கள் ஜெயித்துவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அப்போது அந்த அறை உங்களுக்கே. சொந்தக்காரர் என்பதால் அதே வாடகைதான், ஏற்ற மாட்டேன்.