ஏப்பத்தில் போன இரண்டு வருடம்

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களும் சித்தியும் நலமாக இருக்க வேண்டும். இரண்டு தெரு தள்ளி இருப்பவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான்கு நாளாக என் ஃபோனை நீங்கள் எடுக்கவில்லை. நேற்று கடைக்கே வந்தேன். என்னைப் பார்த்ததும் சோடா மெஷினை ஓடவிட்டீர்கள். அதில் ஒரு பாட்டில்கூட இல்லை. அந்த இரைச்சலில் மன்னிப்புக் கேட்க எனக்குத் தொண்டை போதவில்லை.

தப்பு என்னிடம்தான் தொடங்கியது. நான் வேலை பார்க்கும் நிலையத்தில் என்ன நடக்கிறது என்று இந்தக் குடும்பத்தில் கேட்ட ஒரே ஆள் நீங்கள். மற்றவர்கள் "வேலை பர்மனென்டா?" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆலைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் இறக்குகிறோம் என்று நான் சொன்னதும், "அட, சோடாதானே! அதைப் போய் பூமிக்கா ஊத்தறீங்க?" என்றீர்கள். பாறையில் இருக்கிற சத்தோடு சேர்ந்து இரண்டு வருடத்தில் அது கல்லாகிவிடும், திரும்பி வராது என்றேன். "நாப்பது வருஷமா பாக்கறேன், மூடியைத் தொறந்தா நிக்காத ஜென்மம்மா அது. கல்லுக்குள்ள அடங்கி உக்காருமா? யார் காதுல பூ சுத்தறே?" என்றீர்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானூறு மீட்டர் ஆழத்தில் துளைபோட்டு எடுத்த உருளைக்கல்லில் ஒரு துண்டை, கிடங்குக்காரரிடம் சொல்லாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கறுப்புக் கல், அம்மை வடு மாதிரிக் குழிகள், குழிகளில் எல்லாம் வெள்ளையாக உறைந்துபோன வாயு. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் இருக்கட்டும்மா, பத்திரமா தந்துடறேன்" என்றீர்கள். கொடுத்தேன். வாயு அடைத்த பொருளைச் சோடா போடுகிறவரிடம் கொடுத்துவிட்டு, அவர் அதைத் திறந்து பார்க்கமாட்டார் என்று நம்பியவளை என்ன சொல்வது?

மறுநாள் மாலை கல்லை வாங்க வந்தபோது முதலில் ஒரு டம்ளரை நீட்டினீர்கள். வெயிலில் வந்தவள் ஒரே மூச்சில் குடித்தேன். "காரம் நல்லா ஏறியிருக்கே சித்தப்பா" என்று பாராட்டவும் செய்தேன். பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது. "பொண்ணை நல்லாத்தான் வளத்திருக்காங்க" என்று சித்தி சிரித்தார். "எல்லாம் உங்க கம்பெனி சரக்குதாம்மா" என்றீர்கள் நீங்கள். அப்போதுதான் மேசைமேல் இருந்த ஜாடி கண்ணில் பட்டது. கலர் சோடாவுக்குப் போடுகிற சிட்ரிக் ஆசிடில் என் கல் ஊறிக்கொண்டிருந்தது. ஜாடி மூடியிலிருந்து ஒரு குழாய், அதன் மறுமுனை ஐஸ் தண்ணீர் பாட்டிலுக்குள். வெள்ளை இருந்த இடமெல்லாம் ஓட்டை. கல்மேல் நாங்கள் எழுதியிருந்த எண்ணும் கரைந்துபோயிருந்தது. "நீ சொன்னது நிஜம்மா! உள்ளேதான் இருந்துச்சு! காலைலேருந்து பொங்குது பாரு!" என்றீர்கள், முகமெல்லாம் சிரிப்பாக. இரண்டு வருடம் பூமிக்கடியில் பூட்டி வைத்த வாயு, என் வயிற்றில் இரண்டு நிமிடம் தங்கிவிட்டு வந்த வழியே போய்விட்டது.

அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். நீங்கள் என் பேச்சை நம்பிவிட்டதைத்தான் எனக்குக் காட்டினீர்கள். அது உறைக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அன்றைக்கு என் வாயில் வந்தது, "காலம் பூரா காத்தை அடைச்சு வித்தவருக்கு இதோட அருமை எங்கே தெரியப்போகுது?" என்பதுதான். நீங்கள் டம்ளரை வாங்கிக் கழுவினீர்கள். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினீர்கள். சித்திதான், "போதும்மா, கிளம்பு" என்றார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம் என்பார்கள். நான் கொட்டியது நெல் இல்லை.

இன்று காலை கிடங்குக்காரரிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "உடைஞ்சுதுன்னா எழுத எடம் இருக்கு, தொலைஞ்சுதுன்னா எழுத எடம் இருக்கு. குடிச்சாச்சுன்னு எந்தக் கட்டத்துலம்மா எழுதறது?" என்றார். விஷயம் மேலாளருக்குப் போயிருக்கிறது. மாலையில் அவர் கூப்பிடுவார். வேலை போனால் அது நியாயம்தான். ஒன்று உறுதி: இனி நிலையத்திலிருந்து ஒரு பொடிக்கல்லைக்கூட வெளியே கொண்டுவரமாட்டேன். நீங்களும் தயவுசெய்து எந்தக் கல்லையும் ஊறப்போட வேண்டாம். எங்கள் வேலையைப் பற்றிப் பேசி உங்களை இனித் தொந்தரவு செய்யவும் மாட்டேன். நீங்கள் என்னைக் கூப்பிட்டு ஒரு முறை நன்றாகத் திட்டிவிட்டால் போதும்.

சித்திக்கு என் வணக்கம். ஆசீர்வாதம் கேட்கும் யோக்கியதை மிச்சம் இருக்கிறதா என்று தெரியாமலே, உங்கள் இருவரிடமும் அதைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாய் நீண்ட அண்ணன் மகள்

பி.கு.: மேலாளர் கூப்பிட்டார். வேலை போகவில்லை. எங்கள் குழாய் போகிற தெருக்காரர்களோடு வியாழக்கிழமை கூட்டம் இருக்கிறது. "புகையை எங்க காலுக்கடியில புதைச்சுட்டு, கல்லாயிடுச்சுங்கறீங்க. யார் பாத்தா?" என்று மூன்று கூட்டமாக மடக்குகிறார்கள்; எங்கள் படமும் பட்டியலும் எடுபடவில்லை. என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு மேலாளர், "கல்லுலேருந்து வாயு பொங்கறதை நாம செஞ்சு காட்டினா கண்கட்டு வித்தைம்பாங்க. அவர் கையால சோடா குடிக்காத வீடு அந்தத் தெருவுல இருக்கா? அவரைக் கூட்டிட்டு வா" என்றார். ஆகவே மேலே எழுதியதில் மன்னிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். புதுக் கல் ஒன்று இப்போது என் கைப்பையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு வாங்கியது. ஜாடி, குழாய், ஆசிட் எல்லாம் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். முறைப்படி முதலில் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் மேலாளர் கேட்டவுடனே, யோசிக்காமல், "எங்க சித்தப்பா வருவாரு" என்று சொல்லிவிட்டேன். இதற்கும் சேர்த்து மன்னியுங்கள்.